முந்திய சிரிப்பு

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே பெரியக்கா, முதுகுக்குப் பின்னால் அகராதி. இரண்டாவது பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தான். யார் எதைச் சொன்னாலும் "தெரியும், தெரியும்" என்பாள். மழை வரும் என்றால் தெரியும். உலர்த்தும் இயந்திரம் படுத்துவிட்டது என்றால், அது படுக்கும் என்று போன மாதமே தெரியும். சூப்பர்வைசருடைய மாமனார் தவறிவிட்டார் என்று ஒருத்தி வந்து சொன்னபோதும் வாய் தன்பாட்டுக்குத் "தெரியும்" என்றுவிட்டது. அடுத்த நொடி "ஐயய்யோ, எப்போ?" என்று கேட்டு மாட்டிக்கொண்டாள்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பழக்கம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. அம்மா படுக்கையில் விழுந்ததால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். தெரியாது என்று சொன்னால் சொல்லித்தர ஒருவரும் வரமாட்டார்கள், சிரிக்கத்தான் நாலு பேர் வருவார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை, கட்டிய புருஷன் உட்பட.

சலவைக்கூடத்தில் ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ப்பக்கம் உலர்த்திகள், கடைசியில் ஜன்னலோரம் மடிப்பு மேசை. அதுதான் அவள் இடம். தலையணை உறையையும் துவாலையையும் ஒருத்தி தனியாக மடித்துவிடலாம். கட்டில் விரிப்பை அப்படி மடிக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஒரே நேரத்தில் சுண்டி இழுக்க வேண்டும். சுருக்கமும் போக வேண்டும், எதிராளி தடுமாறவும் கூடாது. அப்புறம் பாதியாக மடித்து, வெளிச்சத்தில் காட்டிக் கறையும் கிழிசலும் பார்த்து, நடந்து போய் மூலைகளை எதிராளி கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். மனதுக்குப் பிடிக்காதவளோடு இந்த வேலையைச் செய்து பாருங்கள், நரகம் எது என்று தெரிந்துவிடும். நாள் முழுக்க அவள் முகத்தை நோக்கி நடந்து போய் அவள் விரலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

பெரியவளுக்கு அதுதான் வாய்த்தது. கூட மடித்துக்கொண்டிருந்தவள் வேலையை விட்டுப் போனதும், புதிதாகச் சேர்ந்த ஒருத்தியைச் சூப்பர்வைசர் கூட்டிவந்து எதிரே நிறுத்தினார். பார்த்தால், அவளுடைய ஓரகத்தி! புருஷனுடைய தம்பி பெண்டாட்டி, ஒரே வீட்டுக்கு வாழ வந்த சின்ன மருமகள். "ரெண்டு பேரும் சொந்தமாமே, ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அந்த மகராசன் நடையைக் கட்டினார். கீரியையும் பாம்பையும் ஒரே கூடையில் போட்டு மூடிய விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்?

பகை ஒரு சுவரில் தொடங்கியது. சின்னவள் தன் அம்மாவுக்கு முடியவில்லை என்று பார்த்துக்கொள்ளப் போயிருந்த சமயம். அடுப்படியில் தினமும் உரசலாக இருக்கிறதே, வீட்டை நடுவில் தடுத்துவிட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் நிம்மதி என்று யோசனை சொன்னவள் பெரியவள்தான். "அவ வரட்டுமே, ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்வோம்" என்று கொழுந்தன் முனகியபோது, "அவளப் பத்தி எனக்குத் தெரியும், நான் பேசிக்கறேன்" என்று அவன் வாயை அடைத்தவளும் அவள்தான். சின்னவள் பையும் கையுமாகத் திரும்பி வந்து, பழைய வாசலில் நுழைந்து, அடுப்படிக்குப் போகிற வழியில் ஈரம் காயாத சுவருக்கு முன்னால் நின்றாள். "போகும்போது ஒரு வீடு, வரும்போது ரெண்டு வீடா?" என்று மட்டும் கேட்டாள். சின்னவளுக்குப் பின்தெருப் பக்கம் வேறு வாசல் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது, வருஷக்கணக்கில்.

மடிப்பு மேசையிலும் அதே கதைதான். வா, கொடு, போ. ஒரு வார்த்தை கிடையாது.

பெரியவளுக்காவது காதில் துணை இருந்தது. மகள் புதிது வாங்கியபோது தந்த பழைய இயர்போன், கம்பி இல்லாதது. கூடத்தில் ஒரு விதி உண்டு: ஒரு காதில் மட்டும்தான் மாட்டலாம். தள்ளுவண்டி மணியும் இயந்திரத்தின் எச்சரிக்கைச் சத்தமும் மறு காதில் விழ வேண்டும். "ஒரு காது ஆஸ்பத்திரிக்கு, ஒரு காது உங்களுக்கு" என்பார் சூப்பர்வைசர். அவள் உடம்பைப் பேணும் வழிகளாகத் தேடித் தேடிக் கேட்பாள். யாராவது முட்டி வலி என்றால் "தெரியும்" என்று தொடங்க வேண்டுமல்லவா, அதற்கு.

ஒரு நாள் அப்படி ஒன்று கேட்டு முடிந்ததும் போன் தன்னிஷ்டத்துக்கு வேறொன்றை ஆரம்பித்தது. நிறுத்தக் கை ஒழியவில்லை, இரண்டு கையிலும் விரிப்பு. வயசான ஒரு குரல் பேசியது: "உங்க காலுக்குக் கீழ இருக்கற தரை நகர்ந்துக்கிட்டு இருக்கு. பயப்படாதீங்க, உங்க நகம் வளர்ற வேகத்துலதான்." அவள் காலைப் பார்த்தாள். அப்புறம் நகத்தைப் பார்த்தாள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து பூமியைப் பற்றியும் கல்லைப் பற்றியும் வாரம் ஒரு பாடம் பேசிப் பதிவு செய்து போட்டிருந்தார். இலவசம். பரீட்சை இல்லை, யாரும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கப் போவதுமில்லை. பின்னணியில் நாய் குரைக்கும், பாத்திரம் விழும், அவர் மனைவி யாரையோ கூப்பிடுவார். பாடத்துக்கு ஒரு நகைச்சுவையாவது சொல்வார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார், பிறகு தானே சிரிப்பார். அவளுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. கல்லு வாத்தியார் என்று பெயர் வைத்தாள்.

அப்படி ஒரு நாள் வாத்தியார் சொன்னதற்கு அவளும் களுக்கென்று சிரித்துவிட்டாள். எதிரே சின்னவள் விரிப்பைப் பொத்தென்று கீழே போட்டாள்.

"என்னப் பார்த்தா எப்படி இருக்கு உங்களுக்கு?"

சுவருக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உன்னப் பார்த்து எவ சிரிச்சா?"

"இங்க வேற யாரு இருக்கா? நானும் இந்த மேசையும்தான்."

பெரியவளுக்கு ஆத்திரம் வந்தது. செய்யாத தப்புக்குப் பழி சுமக்கிற வழக்கமே அவளுக்கு இல்லை. பையிலிருந்த டப்பாவைத் திறந்து, சும்மா கிடந்த இன்னொரு இயர்போனை எடுத்து நீட்டினாள். "இந்தா. நீயே கேட்டுக்கோ."

சின்னவள் மாட்டிக்கொண்டாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் கேட்டாள். கொஞ்ச நேரம் போயிற்று. வாத்தியார் அடுத்ததைச் சொல்லி, நிறுத்தி, தானே சிரித்தார். சின்னவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அன்று மாலை வரை அவள் அதைக் கழற்றித் தரவில்லை, பெரியவளும் கேட்கவில்லை.

ஆளுக்கு ஒரு காது. விதிக்கு விதியும் ஆயிற்று. தொடக்கத்திலிருந்து போடச் சொன்னாள் சின்னவள், பாதியில் நுழைவது அவளுக்குப் பிடிக்காதாம். போட்டார்கள். கண்டங்கள் நகர்வதைக் கேட்டுப் பெரியவள் வாயைப் பிளந்தபோது, "அடிமேல் அடி அடிச்சா அம்மியே நகரும்னா, கண்டம் நகர்றதுக்கு என்னக்கா கேடு?" என்றாள் சின்னவள். பழையபடி அக்கா என்று வந்துவிட்டது. சொன்னவளுக்கே அது தெரியவில்லை. பெரியவளுக்குத் தெரிந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, சின்னவளுக்குக் கற்பூர புத்தி. வாத்தியார் ஒரு முறை சொன்னால் போதும், கப்பென்று பிடித்துக்கொள்வாள். இரண்டு நிலத்துண்டுகள் மோதினால் நடுவே மலை மடிந்து எழும்பும் என்று அவர் சொன்ன அன்று, பெரியவள் "தெரியும், தெரியும்" என்று தலையாட்டினாள். ஒரு மண்ணும் புரியவில்லை. சின்னவள் ஒரு விரிப்பை மேசையில் பரப்பி, "நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து தள்ளுங்க, நான் இந்தப் பக்கத்துலேர்ந்து தள்றேன்" என்றாள். தள்ளினார்கள். நடுவில் துணி மடிந்து மடிந்து மேலே எழும்பியது. அந்த நேரம் பார்த்தா சூப்பர்வைசர் வர வேண்டும்?

"என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?"

"மலை சார்" என்றாள் சின்னவள்.

அவர் விரிப்பைப் பார்த்தார், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார். அன்று சிரித்த சிரிப்பில் பெரியவளுக்கு விலா வலித்தது.

இந்தக் கூட்டுப் படிப்புக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவள் சின்னவள். ஒரு முறை காய்ச்சல் வந்து வேலைக்கு வர முடியாமல் போனபோது, பின்தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து பெரியவள் வாசலில் போர்வையோடு நின்றாள். "அக்கா, நான் வர்ற வரைக்கும் வாத்தியார நிறுத்தி வைங்க. நான் இல்லாம கேக்கக்கூடாது." அவளிடம் சொந்தமாகப் போன் இல்லை. வீட்டுக்கு ஒரே போன், அதையும் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் புருஷன் எடுத்துப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமைதான் அவள் கண்ணில் படும். வாத்தியார் என்றால் அவளுக்கு இந்த மேசைதான். "கேக்க மாட்டேன் போ, போய்ப் படு" என்றாள் பெரியவள். கேட்கவும் இல்லை. அவள் குணமாகி வரும்வரை அந்தக் காது சும்மாவே இருந்தது.

அப்புறம் ஏன் கேட்டாள்? அங்கேதான் அகராதி வருகிறாள்.

கடலடித் தரை நிலத்தைவிட வயசில் இளையது என்று ஒரு பாடம். "அது எப்படிக்கா அப்படி?" என்று சின்னவள் கேட்டாள். சும்மா இருந்திருக்கலாம். பெரியவள் வாய் சும்மா இருக்குமா? "தண்ணி ஓயாமக் கழுவிக்கிட்டே இருக்குல்ல, அதான் புதுசு மாதிரி தெரியுது" என்றாள். சின்னவள் சிரிக்கவில்லை. பதமாகத்தான் சொன்னாள்: "இல்லக்கா, நடுக்கடல்ல வெடிப்பு விட்டு அடியிலேர்ந்து புதுக் கல்லு வருதுன்னாரே. பழசு ஓரத்துல போய் உள்ள இறங்கிடுதாம்." அவ்வளவுதான். ஆனால் பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னைவிடச் சின்னவள், தனக்கு எதிரே நின்று தன்னைத் திருத்துகிறாள்! அதைவிடக் கொடுமை, அவள் சொன்னதுதான் சரி.

அன்று மாலை பாத்திரம் துலக்கும்போது அவள் அடுத்த பாடத்தைப் போட்டாள். புரியாத இடத்தில் திரும்பப் போட்டாள். இரண்டு முறை, மூன்று முறை. மறுநாள் மேசையில் சின்னவள் கேட்குமுன்னே "இதுவா, இது ஏன்னா" என்று தொடங்கி விளக்கிவிட்டாள். சின்னவள் கண் விரிந்தது. "எப்படிக்கா உங்களுக்கு டக்குனு பிடிபடுது?" பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இந்தப் போதை ஒரு நாளோடு நிற்குமா? மாலைதோறும் தொடர்ந்தது. கொடுத்த வாக்கு உறுத்தாமல் இல்லை. அவளுந்தானே கேட்கிறாள், நான் கேட்டால் பாடம் குறைந்தா போய்விடும் என்று உறுத்தலுக்கு ஒரு சமாதானமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் போல. சிரிப்பை மறைக்க முடியவில்லை.

கல் மாறுகிற பாடம் அது. வாத்தியார் சொல்லிக்கொண்டு போனார்: "அழுத்தம், சூடு, காலம். இந்த மூணும் கிடைச்சா சாதாரணச் சுண்ணாம்புக் கல்லு பளபளன்னு பளிங்கா மாறுது." பெரியவள் சிரித்தாள். சிரித்த பிறகுதான் வாத்தியார் தொடர்ந்தார்: "எனக்கும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மூணும் குறைவில்லாமக் கிடைச்சுது. என்னமோ நான்தான் பளபளக்கல." நிறுத்தினார். பின்னால் அவர் மனைவி "காது கேக்குது!" என்றார். வாத்தியார் சிரித்தார்.

சின்னவள் சிரிக்கவில்லை. விரிப்பின் மூலையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அவர் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சீங்க."

"இல்லையே. என்னமோ ஞாபகம் வந்துச்சு, சிரிச்சேன்."

"நேத்துச் சாயங்காலம் சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க சிரிச்சது கேட்டுச்சு. தனியா எதுக்குச் சிரிக்கறாங்கன்னு நினைச்சேன். இதே சிரிப்பு." காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எத்தனை நாளா?"

அகராதி அதை எடுத்து டப்பாவில் வைத்து மூடினாள்.

அதற்குப் பிறகு மடித்த விரிப்பெல்லாம் கோணல். இவள் இழுக்கும்போது அவள் இழுப்பதில்லை. அவள் இழுக்கும்போது இவள் முன்னால் சாய்ந்து தடுமாறினாள். மூலையைக் கையில் கொடுக்காமல் விரல் படாதபடி மேலே போட்டாள் சின்னவள். வாரக் கடைசியில், தேய்ப்புப் பகுதியில் ஓர் இடம் காலி என்று கேள்விப்பட்டு, அங்கே மாற்றிவிடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டும்விட்டாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார் அவர்.

மாறிப்போனால் என்ன? பெரியவள் அந்தக் கேள்வியைத் தன்னையே கேட்டுப் பார்த்தாள். மடிக்க வேறொருத்தி வருவாள். விரிப்பு மடிந்துவிடும். ஆனால் மலை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அக்கா என்று வந்த வாய் மறுபடி மூடிவிட்டால் இந்த ஜென்மத்தில் திறக்காது. பிடிவாதக்காரிதான், ஆனால் மனசு கல் இல்லை.

சனிக்கிழமை மாலை தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சின்னவள் கதவைத் தட்டினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சோடித்துக்கொண்டே போனாள். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கையிலிருந்த போனையும் இயர்போன் டப்பாவையும் நீட்டினாள்.

"கடைசிப் பாடம் ஒண்ணு பாக்கி. நான் கேக்கல. நீயே வச்சுக் கேளு, ரெண்டு காதுலயும்."

"எனக்குத் தானமும் வேணாம், எச்சிலும் வேணாம்."

"எச்சில் இல்லம்மா. இதை நான் தொடல."

"எப்படி நம்பறது? சுவர் எழுப்பினப்பவும் எனக்குத் தெரியாமதான் செஞ்சீங்க. இப்பவும் எனக்குத் தெரியாமதான் செஞ்சீங்க. நான்னா உங்களுக்கு என்ன, உப்புக்குச் சப்பாணியா?"

"எனக்குப் புரியல."

"என்ன புரியல? தமிழ்லதானே சொல்றேன்?"

"நீ சொன்னது இல்ல. பாடம்." பெரியவள் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒரு தடவ கேட்டா எனக்குப் புரிய மாட்டேங்குது. உனக்குப் புரியுது. நீ ஏதாவது கேட்டா நான் முழிக்கணும். அதான் வீட்ல ரெண்டு மூணு தடவ கேட்டுட்டு வந்து, தெரிஞ்ச மாதிரி... எனக்கு ஒண்ணும் தெரியாது. போதுமா?"

சின்னவள் கதவின் தாழ்ப்பாளை நகத்தால் சுரண்டினாள்.

"சுவரும் என் யோசனைதான். உன்கிட்டச் சொல்லாமச் செஞ்சது தப்பு."

"தெரியும்" என்றாள் சின்னவள்.

நீட்டியிருந்த டப்பாவைப் பெரியவள் பக்கமே தள்ளினாள். பிறகு சின்னவள் சொன்னாள்: "போன் உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கு எங்க வீட்டுக்காரர் வீட்ல இருப்பார், அவரோட போன்ல நான் கேட்டுக்கறேன். நீங்க கேக்கக் கூடாது. கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும்." கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, சாதாரணமாகத்தான் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை போனை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் பெரியவள் வீட்டைப் பெருக்கினாள், துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். பிற்பகலில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டது. குரல் பழகிய குரல். சின்னவள் சத்தமாகவே வைத்துக் கேட்கிறாள். சொல் எதுவும் பிடிபடவில்லை, ஆனால் காதைச் சுவரில் வைத்தால் பிடிபட்டுவிடும். கல்லு வாத்தியாரின் கடைசிப் பாடம், ஒரு செங்கல் தூரத்தில்! பெரியவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் புருஷன்.

"சும்மா."

"சும்மா எங்க?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மனுஷன் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ் வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. ஏறவில்லையா என்று ஓட்டுநர் கையால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். பாடம் நிச்சயம் முடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை சின்னவள் மேசைக்கு வந்தாள். தள்ளுவண்டியிலிருந்து சூடாக ஒரு விரிப்பை உருவி, இரண்டு மூலையைத் தான் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டை இவள் பக்கம் வீசினாள்.

"புடிங்க. கேட்டீங்களா?"

"இல்ல."

"பார்ப்போம்" என்றாள். சுண்டி இழுத்தாள். பெரியவளும் இழுத்தாள். விரிப்பு நேராக நின்றது.

சின்னவள் சொல்ல ஆரம்பித்தாள். வாத்தியார் மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பித்தாள். மலை மழையில் கரைந்து மண்ணாகிறது. மண்ணை ஆறு அடித்துக்கொண்டு போய்க் கடலில் போடுகிறது. கடலடியில் அது அடுக்கடுக்காகப் படிந்து, அழுந்தி, மறுபடி கல்லாகிறது. அந்தக் கல் மோதி மடிந்து மறுபடி மலையாக எழும்புகிறது. பெரியவள் விழித்தாள். பழைய பழக்கத்தில் நாக்கு "தெரியும்" என்று எழும்பியது. விழுங்கிக்கொண்டாள்.

"நீ சொல்றது பிடிபடல. அப்போ புதுக் கல்லுன்னு ஒண்ணு கிடையாதா?"

சின்னவள் நடந்து வந்து மூலைகளை அவள் கையில் கொடுத்தாள். விரல் பட்டது. "அக்கா, இந்த விரிப்பு புதுசா?"

"எங்க புதுசு? போன வாரம் நாமதானே மடிச்சோம், ஓரத்துல தையல் போட்டிருக்கே."

"வார்டுக்குப் போகுது, அழுக்காகுது, வருது, துவைக்கறோம், காய வைக்கறோம், மடிக்கறோம், மறுபடி போகுது. அதே துணிதான். அங்க அதே கல்லுதான். நமக்கு ஒரு வாரம், பூமிக்குக் கோடி வருஷம், அவ்வளவுதான் வித்தியாசம்."

பெரியவள் கையிலிருந்த விரிப்பைப் பார்த்தாள். ஓரத்துத் தையலைத் தடவினாள். மலை, மண், கடல், கல், மறுபடி மலை. பட்டென்று எல்லாம் கோத்துக்கொண்டது. யாரும் திரும்பப் போட்டுக் காட்டவில்லை.

சின்னவள் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் மேலே போனாள். "கடைசியில வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? கண்டம் நகருது, மலை நகருது, மண்ணு நகருது, இந்தப் பூமியில நகராத பொருளே கிடையாதுன்னு நான் முப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன் அப்படின்னார்." நிறுத்தினாள். பெரியவள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். சிரிப்பின் சாயல்கூட அந்த முகத்தில் இல்லை. சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே முடித்தாள்: "எங்க வீட்டம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நகராத பொருள் ஒண்ணு இருக்கு, காலையிலேர்ந்து இந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்குன்னு சொல்றாங்க."

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெரியவளுக்கு உறைத்தது. சிரித்தாள். லேட்டாகத்தான் வந்தது, ஆனால் வந்த பிறகு நிற்கவில்லை. விரிப்பு கையிலிருந்து நழுவியது, கண்ணில் தண்ணீர் வந்தது, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்படி நடிக்க யாராலும் முடியாது. சின்னவளும் சிரிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் சூப்பர்வைசர் வந்தார். "என்னம்மா, தேய்ப்புப் பகுதிக்கு இன்னிக்கே போகலாம்னு சொல்லிட்டாங்க. வர்றியா?"

சின்னவள் கீழே விழுந்த விரிப்பை எடுத்து உதறினாள். "அது முடியாது போலிருக்கே சார். அக்காவுக்கு எதையும் ஒரு தடவ சொன்னாப் புரியாது. பக்கத்துல இருந்து யாராவது சொல்லிக்கிட்டே இருக்கணும்."

கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அகராதியைப் பார்த்து இப்படி ஒருத்தி சொல்லிவிட்டாளே, இனி என்ன நடக்குமோ என்று துவைக்கும் பக்கத்தில் ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டே பார்த்தாள். பெரியவள் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா சார்" என்றாள். "எனக்குப் புரியாது."

விரிப்பை வைத்துச் சொன்னதும் அவளுக்கு அன்று ஒரே தடவையில் புரிந்திருந்தது. அதை அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.